45,000 ரூபாய்க்கு ஒரு மேம்பட்ட கவுன்சலிங் பயிற்சி

திருச்சியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பயிற்சி இது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. ஆறு மாதம். கட்டணம் 45,000 ரூபாய், இரண்டு தவணை, மதியச் சாப்பாடு உட்பட. கவுன்சலிங் டிப்ளமோ முடித்தவர்களுக்கும், சமூகப்பணியோ உளவியலோ படித்தவர்களுக்கும் மட்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நடைமுறையில் பணம் கட்டியவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, கடுமையான குறையும் இருக்கிறது. ஒரே ஊரில் நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். இதே மாதிரிப் பயிற்சிகள் சென்னை, மதுரை, கோவை என்று எல்லா ஊர்களிலும் நடக்கின்றன, பாடத்திட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எந்த ஊரில் சேர நினைப்பவருக்கும் இது பயன்படலாம்.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்துவிட்டு ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். மகளிர் காவல் நிலையத்திலிருந்து அனுப்பிவைக்கும் தம்பதிகள், தாமாகவே வரும் பெண்கள், அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துவரும் பிளஸ் டூ பிள்ளைகள்: இவர்களோடுதான் என் பொழுது போகிறது. குடி, சந்தேகம், கடன், மாமியார், மதிப்பெண், தூக்கமின்மை. புதிதாக ஒரு பிரச்சினையை யாரும் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அடிப்படைப் பயிற்சியில் சொல்லித்தருவதெல்லாம் முதல் இரண்டு சந்திப்புகளுக்குத் தாங்கும். முகத்தைப் பார்த்துக் கேள், குறுக்கே பேசாதே, சொன்னதைத் திருப்பிச் சொல், அவ்வளவுதான். மூன்றாவது சந்திப்பிலும் அதே பெண் அதே கதையோடு வந்து உட்காரும்போது என்ன செய்வது? எனக்கு அதற்குத்தான் விடை வேண்டியிருந்தது.

முதல் மாதத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஆலோசனை பலிக்க என்னென்ன வேண்டும் என்று கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வகுத்த நிபந்தனைகள், நிகழ்வு, நம்பிக்கை, விளைவு என்று பிரித்துப் பார்க்கும் ஆல்பர்ட் எல்லிஸின் ஏ-பி-சி, மனதில் ஓடுவதை எழுதிப் பார்க்கும் ஆரன் பெக்கின் எண்ணப் பதிவேடு என்று ஸ்லைடு ஸ்லைடாக வாசித்தார்கள். தெரிந்தவர்களுக்குச் சலிப்பு, தெரியாதவர்களுக்கு ஓட்டம். கரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த ஆசிரியை ஒருவர் இரண்டாவது வரிசையில் நிம்மதியாகத் தூங்கினார், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பயிற்சி உண்மையில் தொடங்கியது இரண்டாவது மாதத்தில், மூன்று மூன்று பேராகப் பிரித்து உட்காரவைத்தபோது. ஒருவர் பிரச்சினையோடு வருபவர், ஒருவர் ஆலோசகர், மூன்றாமவர் தாளும் பேனாவுமாகப் பார்வையாளர். இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் அலசல், பிறகு இடம் மாற்றம். பார்வையாளருக்கு ஒரே ஒரு விதி: கருத்துச் சொல்லக்கூடாது, நடந்ததை மட்டும் படிக்க வேண்டும். ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்று ஆரம்பித்தாலே பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “அவர் சொன்ன மூன்றாவது வாக்கியம் என்ன? அதற்கு இவர் என்ன கேட்டார்? அதைப் படியுங்கள்.” படித்துக் கேட்கும்போது நமக்கே கேட்டுவிடும், எந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது என்று.

மேம்பட்ட திறன்கள் என்று மூன்றைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். முதலாவது, சொல்லாமல் விட்டதைக் கேட்பது. ஒரு பெண் சொல்கிறார்: “அவர் நல்லவர்தான் மேடம். சம்பளத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுவார். என்ன, ஒரு வார்த்தை பேசமாட்டார்.” அவர் பேசாதது உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்வது அடிப்படை. “இவ்வளவு நல்லவரைக் குறை சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோமோ என்றும் ஒரு பயம் இருக்கிறதோ?” என்று கேட்பது அடுத்த படி. இந்த ‘ஓ’வை விட்டுவிட்டு அடித்துச் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும். தவறாக இருந்தால் அந்தப் பெண் எளிதாக மறுக்க வழிவிட வேண்டும்.

இரண்டாவது, முரணைக் காட்டுவது. ‘பிள்ளைகளுக்காகத்தான் இருக்கிறேன் என்கிறீர்கள், ஆனால் பிள்ளைகளை ஊரில் விட்டிருக்கிறீர்கள்’ என்று சொன்னால் அது குற்றச்சாட்டு. அதையே ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் அது, இரண்டையும் எப்படிச் சுமக்கிறீர்கள் என்று கேட்டால் அவரே யோசிக்கத் தொடங்குகிறார். மூன்றாவது, இந்த நிமிடத்தில் இந்த அறையில் நமக்குள் நடப்பதைப் பேச்சில் கொண்டுவருவது. எல்லாவற்றுக்கும் ‘சரி மேடம், சரி மேடம்’ என்பவரிடம், “நான் எதைச் சொன்னாலும் சரி என்கிறீர்கள், என் மனம் கோணக்கூடாது என்பதற்காகவோ என்று தோன்றுகிறது” என்று சொல்வது. வீட்டிலும் அவர் அப்படித்தான் இருக்கிறார் என்பது அங்கிருந்து தானாக வெளிவரும். நம் ஊரில் பெரியவர்களிடம் இதைச் சொல்ல நாக்கு எழாது. அதனால்தான் வகுப்பில் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

குடிப்பழக்கம் பற்றிய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மொத்தக் கட்டணத்தில் பாதியை அந்த ஒரு நாளே நியாயப்படுத்தியது. வகுப்பெடுத்தவர் மது நோயாளிகளோடு பல்லாண்டு வேலை பார்த்தவர். குரலை உயர்த்தாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டே பேசுவார். என் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஆலோசகர், புதுக்கோட்டையிலிருந்து வரும் அருட்சகோதரி ஒருவர் பார்வையாளர். நான் குடிக்கும் கணவன். லாரிப் பட்டறையில் வெல்டர், தினமும் ஒரு குவார்ட்டர், சம்பள நாளில் கணக்குக் கிடையாது, மனைவி புகார் கொடுத்ததால் வந்திருக்கிறேன். இப்படி எத்தனையோ ஆண்களை எதிரே உட்காரவைத்துப் பேசியவள் நான், வசனத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை.

வங்கிக்காரர் நல்ல மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார். “பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?” “என் காசு சார். உழைக்கிறேன், குடிக்கிறேன்.” “ஈரல் கெட்டுவிடும்.” “எங்கள் அப்பா எழுபத்தெட்டு வயது வரை குடித்தார் சார்.” “மனைவி எவ்வளவு கஷ்டப்படுகிறார் தெரியுமா?” “அவள் வாய் அப்படி, அதனால்தான் குடிக்கிறேன்.” அவர் ஒரு வாதம் வைக்க வைக்க எனக்கு எதிர்வாதம் ஊற்றெடுத்தது. பத்து நிமிடத்தில் டாஸ்மாக்குக்கே வக்கீலாகிவிட்டேன். பயிற்சியாளர் எழுந்து வந்து அருட்சகோதரியின் தாளை வாங்கிப் படித்தார். குடிக்கு ஆதரவாக நான் சொன்னவை அத்தனையும் வரிசையாக இருந்தன. “இவ்வளவையும் இவரைச் சொல்லவைத்தது யார்?” என்று மட்டும் கேட்டார். வங்கிக்காரர் சிரித்துவிட்டார்.

பிறகுதான் கொள்கை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதி, பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்ற முறை இது. குடிப்பவருக்குள்ளேயே விடவேண்டும் என்ற குரலும் வேண்டாம் என்ற குரலும் இரண்டும் இருக்கின்றன. நாம் விடவேண்டும் என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவருக்கு மிச்சமிருப்பது மற்றப் பக்கம்தான். தன் வாயால் எதைச் சொல்கிறாரோ அதைத்தான் மனிதன் நம்புவான். ஆகவே மாற்றத்துக்கான காரணங்களை அவர் வாயிலிருந்து வரவைப்பதுதான் ஆலோசகரின் வேலை.

இரண்டாவது சுற்றில் பயிற்சியாளர் வங்கிக்காரரிடம் ஒரு கேள்விச் சீட்டைக் கொடுத்தார். “குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன?” இப்படி ஒரு கேள்வியை எங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால் காவல் நிலையத்திலிருந்து வரும் ஏட்டம்மா எங்களைத்தான் உள்ளே தள்ளுவார். நான் சொன்னேன்: “நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் நிற்கிறேன் சார். ஒரு குவார்ட்டர் போட்டால் உடம்பு வலி தெரியாது, தூக்கம் வந்துவிடும்.” “வலியும் போகிறது, தூக்கமும் வருகிறது.” அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு எதிர்வாதம் செய்ய ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “குடியைக் குறைப்பது இப்போது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்” என்றார். மூன்று என்றேன். எவரும் அடுத்து ‘ஏன் மூன்றுதான்?’ என்று கேட்போம். சீட்டில் இருந்த கேள்வி வேறு: “ஏன் பூஜ்யம் இல்லை?”

அதற்கு நான் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது இது: “காலையில் கை நடுங்குகிறது சார். வெல்டிங் கோடு நேராக வரமாட்டேன் என்கிறது.” வேடம்தான், ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே ஏதோ இடம் மாறியது தெரிந்தது. என் வேலையில் இத்தனை காலம் ஆலோசகர் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேறு வழி இல்லை.

பயிற்சியாளர் கெட்டிக்காரர். அந்தக் கை நடுக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். காலை நடுக்கம் என்பது உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளம், இவரிடம் ‘இன்றோடு விட்டுவிடுங்கள்’ என்று ஆலோசகர் சொல்லவே கூடாது என்றார். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, புத்தி தடுமாறுவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், மாத்திரை, மேற்பார்வை. பிறகு நாம். மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை எனக்கும் தெரியும். அன்று மாலை குடி எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று அறிய உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் பத்துக் கேள்விப் பட்டியலை எப்படிக் கேட்பது என்று பழக்கினார்: மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சை கொடுப்பதைச் சொல்லி, மனைவியை எப்போது, எப்படிப் பேச்சுக்குள் கொண்டுவருவது என்பதையும் விளக்கினார்.

தற்கொலை எண்ணம் பற்றிய வகுப்பும் இதற்குக் குறைந்ததில்லை. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை, கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைச் சொல்லிவிட்டு விட்டிருந்தால் யாருக்கும் பயன் இருந்திருக்காது. அறையில் இருந்த ஒவ்வொருவரையும் அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லவைத்தார்கள். ‘தப்பான முடிவு எதுவும் எடுத்துவிடமாட்டீர்களே?’ என்றுதான் பெரும்பாலோருக்கு வந்தது. இல்லை என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. “தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறதா?” என்று குரல் நடுங்காமல், முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை விடவில்லை. பாதிரியார் ஒருவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்தடுத்து என்ன கேட்பது, இன்றிரவு கூட யார் இருப்பார்கள், வீட்டில் ஆபத்தான பொருள் இருந்தால் அதை யார் எடுத்து வெளியே வைப்பார்கள் என்று வரிசையாகப் பழக்கினார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிவைக்கும் முயற்சியை டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்ததை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். 1986-இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர்தான். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது நம் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம். அதைச் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சத்தியம் வாங்கிய பிறகு, எண்ணம் திரும்ப வந்தால் அவர் நம்மிடம் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக எண்ணம் கூடும்போது முதலில் என்ன செய்வார், யாரைக் கூப்பிடுவார் என்று அவர் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதவைக்க வேண்டும். அதில் அரசின் 24 மணி நேர இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 கட்டாயம் இருக்க வேண்டும். சட்டப் பக்கத்தையும் விடவில்லை. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆவது பிரிவு: தற்கொலைக்கு முயன்ற ஒருவரை, வேறுவிதமாக நிரூபணம் ஆகாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று உறவினர்கள் ஆஸ்பத்திரியில் பொய் சொல்வதை வாரம்தோறும் பார்க்கும் எனக்கு இது உடனே பயன்பட்டது.

படபடப்பு வகுப்பில் எல்லாரையும் மொட்டை மாடிக்கு ஓடி ஏறி இறங்கச் சொன்னார்கள். மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும் உடம்பில் என்னென்ன தெரிகிறது என்று எழுதச் சொன்னார்கள். நெஞ்சடிப்பு, வியர்வை, தலைசுற்றல், கைகால் மரத்தல். மாரடைப்போ என்று பயந்து மாதம் ஒரு ஈ.சி.ஜி. எடுப்பவர் சொல்லும் பட்டியல் அச்சு அசல் இதுவேதான். மருத்துவர் இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதிசெய்த பிறகும், நெஞ்சடிப்பைப் பார்த்துப் பயம், பயத்தால் இன்னும் நெஞ்சடிப்பு என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படியேறிக் காட்டிய பிறகு அந்த வட்டத்தைத் தாளில் வரைந்து காட்டினால் ஒப்புக்கொள்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வேகமாக மூச்சுவிடச் சொன்னார்கள்.

துக்கம், கோபம், தூக்கமின்மை மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் அடைத்துவிட்டார்கள். தூக்கம் பற்றியது மட்டும் நினைவில் நின்றது: இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும், படுக்கையில் கிடந்து கணக்குப் போடக்கூடாது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எழுந்து எங்கே போவது என்று கேட்டேன். சமையலறை என்று பதில் வந்தது. சரி, அதுவும் ஒரு பதில்.

எழுத்துப் பயிற்சிக்கு வருகிறேன். மாதம் ஒரு சந்திப்பைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுக்க வேண்டும். வெர்பாட்டிம் என்பார்கள். வருபவரின் சம்மதம் வாங்கி, பெயர், ஊர் மாற்றி, தாளை மூன்றாக மடித்து இடப்பக்கம் அவர் சொன்னது, நடுவில் நான் சொன்னது, வலப்பக்கம் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது. திருத்தியவர் ஒரு மூத்த பேராசிரியை. சிவப்பு மை. பாராட்டுக்கு அவர் பேனாவில் மை கிடையாது. பலருடைய தாளிலும் ‘கவலைப்படாதீர்கள்’ வரும் இடமெல்லாம் அடிக்கோடு, ஓரத்தில் ஒரு கேள்வி: ‘இதைக் கேட்டு யாராவது கவலையை நிறுத்தியிருக்கிறார்களா?’ வலப்பக்கத்தைத்தான் அவர் முதலில் படிப்பார். அந்த அம்மா அழுதபோது எனக்கு எரிச்சலாக இருந்தது என்று எழுதியிருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் முழுப் பக்கம் பதில் எழுதினார், யாருடைய அழுகை உங்களுக்கு எரிச்சல் தந்து வந்திருக்கிறது என்று தொடங்கி. தாள்களைத் திருப்பித்தர அவர் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார் என்பதுதான் குறை. அதற்குள் அந்தக் கேஸ் முடிந்தே போயிருக்கும்.

இனி கோபம். தம்பதியர் பிரச்சினைக்கு என்று இரண்டு நாள் வகுப்பு. எடுத்தவர் வேறொரு ஊரிலிருந்து வந்தவர், நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். முதல் சந்திப்பிலேயே இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, மாறி மாறி மனக்குறையைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். அடி இருக்கிற வீடா, இல்லையா என்று தனித்தனியாகக் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து கேட்டேன். “இரண்டு கை தட்டினால்தானே ஓசை மேடம்?” என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கிறாரா என்று கேட்டால் மனைவி இல்லை என்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கான விலையை வீட்டுக்குப் போய் அவள்தான் கொடுப்பாள். 2005-இன் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே, நீதிபதி ஆலோசனைக்கு அனுப்பும்போது தனியாகவும் அனுப்பலாம், சேர்த்தும் அனுப்பலாம் என்று இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தது மேம்பட்ட பயிற்சி கொடுப்பவருக்குத் தெரியவில்லை. முதலில் தனித்தனி, பயமில்லை என்று உறுதியானால் மட்டும் சேர்த்து: இது எங்கள் மையத்தில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவது. அந்த இரண்டு நாள் வகுப்பை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் போர்டு மாட்டினால் ஒரு பெண்ணின் பல் போகும். கருத்துப் படிவத்தில் இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு நாள் நரம்பு-மொழி நிரலாக்கம் (என்.எல்.பி.) என்ற உத்தியைச் சொல்லித்தர ஒருவர் வந்தார். கோட்டு சூட்டு. எதிரே இருப்பவரின் கருவிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அவர் சொல்வது உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கலாமாம். சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் நிற்காத கதை அது. இடது மூளை, வலது மூளை, ஐந்தே நிமிடத்தில் பயம் போக்குதல் என்று மதியம் வரை ஓட்டினார். கடைசியில் தன்னுடைய தனிப் பயிற்சிக்கு நோட்டீஸ் கொடுத்தார். அதன் கட்டணம் இதைவிட அதிகம். அன்றைக்குச் சாப்பாட்டில் வடை இருந்தது என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வழக்கறிஞர் ஒருவர் எடுத்த ரகசியக் காப்பு வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் கச்சிதம். பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் அதைத் தவறவிடக்கூடாது. ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கும் உரிமையே நமக்கு இல்லை. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்துவிட்டால் 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவின்படி காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதற்கும் தண்டனை உண்டு. ஆகவே எதையெல்லாம் ரகசியமாக வைப்போம், எதை வைக்கமுடியாது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில், பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னால் பிள்ளை வாயே திறக்காதே என்று அருட்சகோதரி கேட்டார். சிலர் திறக்கமாட்டார்கள்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். பூசி மெழுகவில்லை. எனக்கு அது பிடித்தது.

சான்றிதழ் பற்றி. தங்க நிற முத்திரையோடு கனமான தாளில் கொடுக்கிறார்கள். அது பயிற்சி பெற்றதற்கான சான்று மட்டுமே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கான படிப்பே வேறு. இதை மையத்தார் கடைசி நாளில், அதுவும் ஒருவர் கேட்டபிறகு சொன்னார்கள். அதற்குள் எங்கள் குழுவில் ஒருவர் ‘மனநல நிபுணர்’ என்று விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மேற்பார்வை, அதாவது நாம் பார்க்கும் கேஸ்களை ஒரு மூத்தவரிடம் சொல்லி அலசுவது, அதுதான் பெரிய ஏமாற்றம். நோட்டீஸில் ‘தொடர் மேற்பார்வை’ என்று இருந்தது. கிடைத்தது, பதினெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் தங்கள் கேஸைச் சொல்வது. தற்கொலை முயற்சிக்குப் பிறகு வந்த ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் தஞ்சாவூர்ப் பெண்ணுக்கும் அதே ஐந்து நிமிடம்தான். பயிற்சி முடிந்த பிறகு ஆறு மாதம், மாதம் ஒரு மணி நேரம் தனியாக யாராவது கேட்டிருந்தால் இந்தப் பயிற்சியின் மதிப்பே வேறு. ஆலோசகர்கள் தாங்களும் ஒருவரிடம் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்று முதல் நாள் ஸ்லைடில் இருந்தது. ஸ்லைடோடு சரி.

பாடக்குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், எங்கிருந்தோ நகலெடுத்து ஸ்பைரல் போட்டவை. அதில் வரும் கணவன் மனைவி யார் துணி துவைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு, சமையலறை மேடையில் சாய்ந்து ஒயின் குடிக்கிறார்கள். காட்டிய வீடியோக்களும் அப்படியே. எங்களில் பாதிப் பேர் தாங்கள் பார்க்கும் கேஸ்களை மாற்றி எழுதி ரோல் ப்ளேக்குக் கொண்டுவந்ததால்தான் வகுப்பு உயிரோடு இருந்தது. நகைக்கடன் மூழ்கியதை மறைத்த மனைவி, நீட் தேர்வை மூன்றாம் முறை எழுதச் சொல்லி நிற்கும் அப்பா, துபாயிலிருந்து வீடியோ கால் போட்டுக் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்லும் கணவன். மையத்தார் அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த குழுவுக்கு அவற்றையே பாடமாக வைத்தால் நல்லது, எங்களுக்கு ஒரு நன்றி சொன்னால் இன்னும் நல்லது.

சேரலாமா என்று கேட்டால், ஏற்கெனவே ஆட்களைச் சந்தித்துப் பேசும் வேலையில் இருப்பவர்கள் சேரலாம். பள்ளி ஆலோசகர், மருத்துவமனைச் சமூகப்பணியாளர், போதை மறுவாழ்வு மையத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு மூவர் பயிற்சியும் சிவப்பு மையும் போட்ட பணத்தைத் திருப்பித்தரும். பணி ஓய்வுக்குப் பின் ஏதாவது செய்யலாம் என்று வருபவர்களுக்கு, கேஸ் இல்லாமல் எழுதிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. வங்கிக்காரர் இதைப் புரிந்துகொண்டு நான்காவது மாதத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். பணம் கட்டுவதற்கு முன் எந்த மையத்திலும் மூன்றைக் கேளுங்கள்: மொத்த மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் நாங்களே பேசிப் பழகுவோம்? எழுதிக் கொடுப்பதை யார் திருத்துவார், எத்தனை நாளில்? மேற்பார்வை தனியாகவா, கும்பலாகவா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மற்றதைச் சகித்துக்கொள்ளலாம். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த குழு ஜூன் மாதம் தொடங்குகிறது. கட்டணத்தை 48,000 ஆக்கியிருக்கிறார்கள். மூவர் பயிற்சி, குடி, தற்கொலைத் தடுப்பு வகுப்புகளை மட்டும் தனியாகப் பிரித்துக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தால் எங்கள் மையத்திலிருந்து மூன்று பேரை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கோட்டு சூட்டுக்காரர் மறுபடியும் வருகிறாராம்.